நூலைக் கடிக்காத பல்

1.
இந்தக் கதையை அண்ணியின் வாயிலிருந்துதான் எடுத்தேன். தையற்கடை வைத்திருக்கிறாள். முன்பற்கள் இரண்டும் ஒன்றன்மேல் ஒன்று ஏறி நின்றன. சிரித்தால் கை தானாக வாயை மூடும். ஒருமுறையாவது மறைக்காமல் சிரித்துவிட வேண்டும் என்று, நாற்பதைத் தாண்டியபின் பல்லுக்குக் கம்பி கட்டிக்கொண்டாள்.

(முதலில் எழுதிய தொடக்கம்: 'பல் என்பது வாய்க்குள் எழுதப்பட்ட விதி, அதை...' வேண்டாம். அண்ணி படித்தால் மானம் போகும்.)

2.
"இந்த வயசுல எதுக்கு? உனக்கு மாப்பிள்ளையா பார்க்கப் போறோம்?" என்றான் அண்ணன்.

"பார்த்தா இந்தத் தடவை நல்லவனாப் பாருங்க."

கையால் வாயை மூடிக்கொண்டுதான் சொன்னாள்.

3.
பல், எலும்பில் அறைந்த ஆணி அல்ல. கம்பி விடாமல், மெல்ல அழுத்துகிறது. பல் நகரும் பக்கம் எலும்பு கரைந்து வழிவிடுகிறது. விட்டுவந்த இடத்தில் புது எலும்பு வளர்கிறது. அவசரப்பட்டு இழுத்தால் வேர் கெட்டுவிடும்.



4.
சிக்கல் நூலால் வந்தது. தைத்து முடித்ததும் நூலைப் பல்லால் கடித்து அறுப்பது அண்ணியின் பழக்கம். பல்லில் ஒட்டிய கம்பிப் பிடி பெயர்ந்தது. ஒட்டினார்கள். மறுபடி கடித்தாள்.

"இன்னொரு தடவை பேர்த்தீங்கன்னா மொத்தத்தையும் கழட்டிடுவேன்மா. கடையில கத்திரிக்கோல் இல்லையா?" என்றார் பல் டாக்டர்.

"இருக்கு டாக்டர். பல்லு அதைவிடப் பக்கத்துல இருக்கு."

அன்றே சின்னக் கத்திரி ஒன்றை நாடாவில் கோத்துக் கழுத்தில் மாட்டிக்கொண்டாள். நூல் உதடுவரை போகும், நிற்கும், கை கத்திரிக்கு இறங்கும்.

(இங்கே எனக்குச் சந்தேகம். ஊறிய பழக்கம் போகுமா? ஒரு பிரதியில் அவளை மூன்றாம் முறையும் கடிக்க வைத்தேன். படித்துவிட்டு, "ஏன் தம்பி, நான் தோத்தாதான் கதையா?" என்றாள். கிழித்துப் போட்டேன்.)

5.
கம்பியைக் கழற்றிய அன்று நேராகக் கடைக்கு வந்தாள். பற்கள் தையல் போட்டது போல வரிசையாக நின்றன. வாசலில் காத்திருந்த அண்ணன் பார்த்தான், பார்த்துக்கொண்டே இருந்தான், பிறகு ஏதோ சொன்னான்.

அண்ணி வெடித்துச் சிரித்தாள். கை எழுந்தது. கழுத்துவரை வந்த கை, பழகிய இடத்தில், கத்திரியைப் பிடித்துக்கொண்டு நின்றுவிட்டது. தெருவே கேட்கச் சிரித்தாள்.

அண்ணன் என்ன சொன்னான்? எனக்குக் கேட்கவில்லை, அண்ணியும் சொல்லவில்லை. எத்தனையோ எழுதிப் பார்த்தேன், ஒன்றுக்கும் அந்தச் சிரிப்பு வரவில்லை. நீங்கள் எழுதுங்கள். எழுதியதை அண்ணியிடம் சொல்லிப் பாருங்கள். அவள் சிரிக்கும்போது கை கழுத்தைத் தாண்டாவிட்டால், அதுதான் முடிவு.