வெல்வெட்டின் தலைப்பக்கம்

எங்கள் திரைச்சீலைக் கடையின் பின்னறையில் இரண்டே பேர். துணி வெட்டுவது என் அண்ணி, தைப்பது நான். அண்ணிக்குக் கடையில் ரேடியோ என்று பெயர். காலையில் கத்தரியை எடுத்தால் மாடிவீட்டு மருமகளில் தொடங்கி, என் அண்ணனின் குறட்டை வரைக்கும் வந்துதான் ஓய்வார்.

நாடக அரங்கம் ஒன்றுக்குப் பெரிய வெல்வெட் திரை தைக்கும் வேலை வந்தது. முதலாளி வந்து நின்றார்.

"இந்த வாரம் பூரா இங்க பேச்சே கூடாது. வேலை வேகமா நடந்துச்சுன்னா ரேடியோவக் கிடங்குக்கு மாத்திடறேன். அங்க தனியா வெட்டட்டும். நீ என்னம்மா சொல்றே?" என்று என்னைக் கேட்டார்.

"நல்லதுதான் சார்" என்றேன். எனக்கு அன்று மண்டையிடி வேறு. அண்ணி என்னை ஒரு பார்வை பார்த்தார். அதோடு வாயை மூடிக்கொண்டார்.

சும்மா சொல்லக்கூடாது, வேலை பறந்தது. அண்ணி வெட்டி அடுக்கினார், நான் கைக்கு வந்தபடி எடுத்துத் தைத்தேன். வெள்ளிக்கிழமை முடிய வேண்டியது புதன்கிழமையே முடிந்தது. முதலாளிக்கு வாயெல்லாம் பல். கிடங்கில் அண்ணிக்கு மேசைகூடப் போட்டுவிட்டார்.

மறுநாள் அரங்கத்தில் திரையைத் தொங்கவிட்டு விளக்கைப் போட்டார்கள். ஒரு பட்டை அடர்சிவப்பு, அடுத்தது வெளிறிய சிவப்பு. வெல்வெட்டை ஒரு பக்கமாகத் தடவினால் வழுக்கும், எதிர்ப்பக்கம் கையைப் பிடிக்கும். தலைகீழாக வைத்துத் தைத்தால் அதே துணி வேறு நிறமாகத் தெரியும். பாதித் துண்டுகளை நான் அப்படித்தான் தைத்திருந்தேன்.

இத்தனை வருஷத்தில் இப்படி ஆனதில்லையே என்று யோசித்தபோதுதான் உறைத்தது. மருமகள் கதைக்கு நடுவே, "இந்தா, இது தலை" என்று மேல்பக்கத்தைச் சொல்லித்தான் அண்ணி ஒவ்வொரு துண்டையும் நீட்டுவார். கேட்கிறோம் என்று தெரியாமலே அதைக் கேட்டுத் தைத்திருக்கிறேன்.

"வாயத் தொறந்து சொல்லக்கூடாதா?" என்று, நான் விஷயத்தைச் சொன்னதும், முதலாளி அண்ணியைப் பார்த்துக் கத்தினார்.

"நீங்கதானே மூடச் சொன்னீங்க? அவளுக்கே தெரியும்னு நெனச்சேன்" என்றார் அண்ணி.

முதலாளி தலையைச் சொறிந்தார். "சரி, கிடங்கெல்லாம் வேணாம். ஆனா வேலைப் பேச்சு மட்டும் பேசுங்க."

தையல்களைப் பிரித்துவிட்டு மறுபடி உட்கார்ந்தோம். அண்ணி ஒரு துண்டை நீட்டினார்.

"தலை."

அடுத்த துண்டு. "தலை."

அவ்வளவுதான். ஒரு சொல் கூடவும் இல்லை, குறையவும் இல்லை. அண்ணி எங்கும் போகவில்லை, எதிரேதான் இருக்கிறார். ஆனாலும் எனக்கு அழுகை முட்டிக்கொண்டு வந்தது. மன்னிப்புக் கேட்கத்தான் நினைத்தேன். மெஷினை நிறுத்திவிட்டு வாய்க்கு வந்ததைச் சொன்னேன்.

"அண்ணி, அந்த மாடிவீட்டு மருமக கோவிச்சுக்கிட்டு அவங்கம்மா வீட்டுக்குப் போயிட்டாளாமே?"

கத்தரி நின்றது.

"அம்மா வீட்டுக்கா? யாரு சொன்னா உனக்கு? அவ போனது அக்கா வீட்டுக்கு. தெரியாத கதைய எதுக்கு இழுக்குறே? நான் சொல்றேன், கேளு. இந்தா, இது தலை."