பக்கத்து சீட்டுக்காரர்

இன்சூரன்ஸ் ஏஜென்ட் ஃபக்ருன்னிசா காரைச் சுற்றிச் சுற்றிப் படம் எடுத்துக்கொண்டிருந்தாள். முன்னால் ஒன்று, பின்னால் ஒன்று, பானெட்டைத் திறந்து சேஸிஸ் நம்பர் ஒன்று. இன்சூரன்ஸ் விட்டுப்போய் எட்டு மாதம் ஆன வண்டி. ஏஜென்ட் நேரில் பார்த்துத்தான் புதிதாகப் போட வேண்டுமாம். அதுவும் பதினேழு வருடத்து மாருதி. மகாதேவி துணியும் கையுமாக அவள் பின்னாலேயே போனாள். மலைமேல் நாயுடுபுரத்து மூடுபனியில் துடைக்கத் துடைக்கக் கண்ணாடி வேர்த்தது. பெண் பார்க்க வந்தவர்களுக்கு முன்னால் மாதிரி எதற்கு இந்தத் துடைப்பு என்று அவளுக்கே எரிச்சலாக வந்தது.

உள்ளே இடது சீட்டில் அவள் புருஷன் நல்லசாமி உட்கார்ந்திருந்தார். டாக்ஸி ஸ்டாண்டில் இருபத்திரண்டு வருடம் ஓட்டிய மனுஷன். எட்டு மாதத்துக்கு முன்னால் பக்கவாதத்தில் வலது கையும் காலும் விழுந்துவிட்டன. மலையடிவாரத்து வத்தலக்குண்டு ஆஸ்பத்திரியில் வாரம் இரண்டு நாள் கை கால் பயிற்சி. பஸ்ஸில் ஏற்ற இரண்டு பேர் மூட்டை மாதிரி தூக்க வேண்டியிருந்தது. ஒரே மாதத்தில், இனி வரமாட்டேன் என்று படுத்துவிட்டார். ஸ்டாண்டுக்காரர்கள் தாங்களாகக் கொஞ்ச நாள் கூட்டிப்போனார்கள், பிறகு சவாரி இருக்கிறது என்றார்கள். அவர்களைச் சொல்லிக் குற்றமில்லை, சீசன். கை இறுகிக்கொண்டே போகிறது, இனி ஒரு வாரம்கூட விடாதீர்கள் என்று டாக்டர் திட்டினார். நாற்பத்தாறு வயதில் மகாதேவி கார் பழக எல்.எல்.ஆர். எடுத்தாள்.

"பழகுறவ பக்கத்துல லைசென்ஸ் உள்ளவங்க உக்காரணுமாம். ஒங்க லைசென்ஸ் இன்னும் நாலு வருசம் ஓடும்ல? நீங்க இருந்தாத்தான் நான் ஓட்ட முடியும்" என்று அவரிடம் சொன்னாள். அன்றைக்கு அவர் இடது கையாலேயே சவரம் செய்துகொண்டார். இன்னொரு கரண்டி சோறு கேட்டார். எத்தனையோ மாதத்துக்குப் பிறகு அவளும் அன்றைக்குத்தான் தூங்கினாள்.

ஃபக்ருன்னிசா போனைப் பைக்குள் போட்டாள். "ஃபுல் கவர் கெடைக்காதுக்கா, வண்டிக்கு வயசாயிருச்சு. தேர்ட் பார்ட்டி போட்டுறலாம். நீங்க ஓட்டிப் பழகுறப்ப பக்கத்துல யாரு உக்காருவாங்க?"

"இவங்கதான். இருவத்திரண்டு வருச சர்வீஸு."

ஃபக்ருன்னிசா குனிந்து, அவர் மடியில் கிடந்த வலது கையைப் பார்த்தாள். "தப்பா எடுத்துக்காதீங்கண்ணே. அந்த ஹேண்ட் பிரேக்கைக் கொஞ்சம் இழுங்களேன்."

பிரேக் அவருக்கு வலது பக்கம். இடது கையைக் குறுக்கே கொண்டுபோனார். உடம்பு முறுக்கிக்கொண்டது, பெல்ட் கழுத்தை அறுத்தது. நெம்பி இழுத்தார். பிரேக் கொஞ்சம் எழும்பி நின்றுவிட்டது.

"குளிருக்கு இறுகிக் கெடக்கு" என்றாள் மகாதேவி அவசரமாக.

ஃபக்ருன்னிசா அவளைக் காருக்குப் பின்னால் கூட்டிப்போனாள். "பாலிசி நான் போட்டுருவேன்க்கா. ஃபாரத்துல இந்தக் கேள்வியே கெடையாது. ஆனா ஒண்ணு கெடக்க ஒண்ணு ஆச்சுன்னா, பக்கத்துல இருந்தவரால வண்டியை நிறுத்த முடியுமான்னு கேப்பாங்க. அடிபட்டவங்களுக்குக் குடுத்த காசைக் கம்பெனி உங்ககிட்டதான் வசூல் பண்ணும். அதுவும் அந்த கொண்டை ஊசி வளைவுல… லைசென்ஸ் வாங்கிட்டு எடுங்களேன். ஒரு மாசந்தானே?"

மகாதேவிக்கு அழக்கூடத் தெம்பில்லை. ஊரில் எல்லாரும் நியாயமாகத்தான் பேசுகிறார்கள். நியாயத்தில் ஏறி உட்கார்ந்தால் அது வத்தலக்குண்டுக்குக் கொண்டுபோய் விடுமா?

"நீ போடும்மா. நான் பாத்துக்கிறேன்."

"மகா." காருக்குள்ளிருந்து நல்லசாமியின் குரல். ஜன்னல் திறந்துதான் இருந்தது. "இன்சூரன்ஸைப் போடச் சொல்லு. வண்டியை இப்ப எடுக்க வேணாம்."

"எடுக்காம? கை மரமாப் போறதுக்கா?"

"பிரேக்கு புடிக்க முடியாதவன் டிரைவர் கெடையாது." அவர் முன் கண்ணாடியையே பார்த்துக்கொண்டிருந்தார். "நீ டெஸ்ட்டை முடி. அதுவரைக்கும் பஸ்ல போவோம்."

செவ்வாய்க்கிழமை வெள்ளனே வத்தலக்குண்டு பஸ் வந்து நின்றது. கண்டக்டரும் கேரட் மூட்டை ஏற்ற வந்த ஒருவரும் அவரைக் கக்கத்தில் கை கொடுத்துத் தூக்கினார்கள். அவர் கண்ணை மூடிக்கொண்டார். வலது கால் செருப்பு படியில் கழன்று ரோட்டில் விழுந்தது. மகாதேவி அதைப் பொறுக்கிக்கொண்டு ஏறினாள்.

அவருக்கு முன்னால் குத்துக்கால் வைத்து உட்கார்ந்து, பாதத்தைக் கையில் ஏந்திச் செருப்பை மாட்டப் போனாள். பஸ் சரேலென்று வளைவில் இறங்கியது. விழுந்துபோன அந்தப் பாதம் அவள் உள்ளங்கையை அழுத்தியது. பஸ்ஸின் குலுக்கலா, அவர் பிரேக் மிதித்தாரா, தெரியவில்லை. செருப்பைக் கீழே வைத்துவிட்டு, கையை எடுக்காமல் அடுத்த வளைவுக்காகக் காத்திருந்தாள்.