முன்வயல்

காலை எட்டு மணி ஐந்து நிமிடத்துக்குக் குணசேகரன் கூப்பிட்டபோது ஹுமைரா முதல் இட்லியை அப்போதுதான் பிட்டிருந்தாள்.

"பாப்பா, இன்னைக்கு லிஸ்ட்ட பாத்தியா?"

"இல்லண்ணே. என்ன ஆச்சு?"

"பெருசா ஒண்ணுமில்ல. சாரங்கபாணி வயலுக்கு இன்னைக்கு மெஷின் போட்டுருக்கு. வீரையன் வயலுக்கு நாளை மறுநாள்னு இருக்கு. அதான் கேக்குறேன், மெஷினுக்கு றெக்கை ஏதும் கட்டி விட்டுருக்கீங்களா?"

குணசேகரன் நீடாமங்கலம் வட்டாரத்தில் அறுவடை மெஷின்களுக்கு ஒருங்கிணைப்பாளர். தை மாதம் பிறந்துவிட்டால் சேலத்திலிருந்தும் ஆத்தூரிலிருந்தும் லாரிகளில் ஏற்றி வரும் மெஷின்களை எந்த வயலுக்கு எப்போது அனுப்புவது என்று பார்ப்பவர். அந்த வரிசையை இரண்டு ஆண்டுகளாக ஒரு செயலி போட்டுத் தருகிறது. செயலியை நடத்துவது தஞ்சாவூரில் இருக்கும் ஓர் உழவர் கூட்டமைப்பு. அதற்கு நிரல் எழுதுவது இரண்டே பேர். ஒருத்தி குந்தவை, இன்னொருத்தி ஹுமைரா. நீடாமங்கலம் கடைத்தெருவில், அவளுடைய அப்பாவின் இரும்புக்கடைக்கு மேலே இருக்கும் அறைதான் ஹுமைராவின் அலுவலகம்.

"றெக்கையா? புரியலண்ணே."

"சாரங்கபாணி வயலு உள்ள இருக்குதும்மா. ரோட்ட ஒட்டி இருக்கறது வீரையன் வயலு. நடுவுல வண்டிப்பாதை கிடையாது. வீரையனோடத அறுத்துக்கிட்டே போனாத்தான் மெஷின் சாரங்கபாணி வரப்புக்குப் போவும். வீரையனோடத விட்டுட்டுப் போவணும்னா நிக்கிற நெல்லு மேல சக்கரப் பெல்ட்ட ஏத்தி மிதிச்சுக்கிட்டுத்தான் போவணும். அவங்க ரெண்டு பேரும் வாய்க்கா தகராறுல பேச்ச நிறுத்தி ஆறு வருஷம் ஆவுது. இன்னைக்குப் பேசிக்குவாங்க."

ஹுமைராவின் கையில் இருந்த இட்லி தட்டுக்குத் திரும்பியது.

"இது ஒண்ணுதானாண்ணே?"

"என் பக்கத்துல மட்டும் எட்டு இருக்கு. ஒரத்தநாட்டுப் பக்கம் மெஷின் பாக்குறவன் இன்னும் லிஸ்ட்டப் பிரிச்சே பாத்துருக்க மாட்டான். ஒன்பது மணிக்கு டிரைவருக்கெல்லாம் மெசேஜ் போயிரும்ல?"

"போயிரும்."

"சேலத்துக்காரப் பயலுவளுக்கு யாரு வயலு, எது வழின்னு என்னம்மா தெரியும். போன்ல வர்ற புள்ளியப் பாத்து வண்டிய வுடுவான். எனக்குத் தெரிஞ்சவனை எல்லாம் நிறுத்துறேன். மத்ததுக்கு நீ ஏதாவது பண்ணு. நாளைக்கு மழை வேற சொல்லுறான்."

பனி காய்ந்த பிறகுதான் கதிரில் மெஷின் இறங்கும். ஒன்பது மணிக்குச் செய்தி, ஒன்பதரைக்கு வண்டி கிளம்பும், பத்து மணிக்கு வயலில். முப்பத்தெட்டு மெஷின்கள். ஹுமைரா கையைக் கழுவாமலே மடிக்கணினியைத் திறந்தாள்.

என்ன நடந்தது என்று அவளுக்கு ஓரளவு தெரிந்துவிட்டிருந்தது.

முந்தைய நாள் மாலை அவள் நிரலைச் சுத்தம் செய்திருந்தாள். அவர்களுடைய நிரல் முழுவதும் இணையத்தில் ஒரு தளத்தில் இருக்கிறது. மாற்றம் செய்பவர் அதைத் தளத்தில் ஏற்ற வேண்டும், இன்னொருவர் படித்துப் பார்த்து ஒப்புதல் தர வேண்டும், சோதனைகள் தானாக ஓட வேண்டும். எல்லாம் பச்சையானால் தளமே அதைச் செயலியில் கொண்டுபோய்ச் சேர்த்துவிடும். சேர்ந்த மூன்று மாதத்தில் ஹுமைராவுக்கு அந்தப் பச்சை டிக்குகளின் மேல் ஒரு பிடிப்பே வந்துவிட்டது. நீக்கிய வரிகள் சிவப்பிலும் சேர்த்த வரிகள் பச்சையிலும் தெரியும். நேற்று இருநூற்றுப் பன்னிரண்டு சிவப்பு, ஒன்பது பச்சை. வீட்டை ஒட்டடை அடித்த திருப்தியோடு அவள் படுக்கப் போனாள்.

அந்தச் சிவப்பில் 'முன்வயல்' என்று ஒரு பகுதி இருந்தது. அவளுக்கு முன் இந்த வேலையில் இருந்த ஜாஃபர் சாதிக் எழுதியது. நிரலின் வேறெந்தப் பகுதியும் அதைப் பயன்படுத்துவதில்லை என்று, நிரல் எழுதும் எடிட்டர் மென்பொருள் சாம்பல் நிறத்தில் காட்டியது. தினமும் விடியற்காலை ஐந்து மணிக்கு வரிசையைப் போடும் வேலை மட்டும் அதைத் தேடி எடுத்து ஓட்டும். அது எடிட்டருக்குத் தெரியாது. தேடியது கிடைக்காவிட்டால் ஓசைப்படாமல் தாண்டிப் போய், பதிவு செய்த வரிசைப்படியே பட்டியல் போட்டுவிடும். சாரங்கபாணி வீரையனுக்கு இரண்டு நாள் முன்னால் பதிவு செய்திருந்தார்.

சோதனைகள் ஏன் பச்சை காட்டின? சோதனைக்காக ஒரு கற்பனைக் கிராமத்தை உருவாக்கியவளும் ஹுமைராதான். இருபது வயல்கள். இருபதும் ரோட்டோரம். மன்னார்குடிக் கல்லூரிக்கு மூன்று வருடம் பஸ்ஸில் போய்வந்தவள். வயல் என்றால் ஜன்னலுக்கு வெளியே வரிசையாக ஓடுவது என்றுதான் அவள் மனதில் இருந்தது. வயலுக்குப் பின்னால் வயல் இருக்கும், அதற்குப் பாதை இருக்காது என்பது பிறந்ததிலிருந்து நெல்லுக்கு நடுவில் வாழ்ந்தும் அவளுக்குத் தோன்றவில்லை.

தளத்தில் ஒவ்வொரு வரியையும் யார், எப்போது, எதற்காக எழுதினார் என்று பார்க்க முடியும். நேற்று அவள் பார்க்கவில்லை. இப்போது பார்த்தாள். ஜாஃபர் சாதிக் இரண்டு வருடத்துக்கு முன் எழுதி வைத்த குறிப்பு அப்படியே இருந்தது: "உள்வயலுக்கு முன்னால் அதன் முன்வயலை அறுக்கணும். குணா அண்ணன் சொன்னது. வீரையன் - சாரங்கபாணி சண்டையை நேரில் பார்த்துவிட்டு எழுதுகிறேன். யாரும் இதை எடுத்துவிட வேண்டாம்."

எட்டு மணி பதினான்கு. முந்தைய பதிப்புக்குத் திரும்பும் பொத்தானை அழுத்தினாள். தளம் சிவப்புப் பட்டையில் பதில் சொன்னது: இன்னொருவரின் ஒப்புதல் தேவை.

அந்த விதியைக் கொண்டுவரச் சொல்லிப் போன மாதம் மன்றாடியவளும் அவளேதான். அவசரத்தில் ஒருத்தர் தனியாக எதையும் செயலியில் ஏற்றிவிடக் கூடாது, திரும்பி வருவதற்கும் இரண்டு பேர் வேண்டும் என்று. குந்தவை சிரித்துக்கொண்டே போட்டுக்கொடுத்தாள்.

குந்தவைக்கு அடித்தாள். எடுக்காமல் மணி அடித்துக்கொண்டே இருந்தது. மறுபடி அடித்தாள். மூன்றாவது தடவையில்தான் நினைவு வந்தது: இன்று தைப்பூசம். குந்தவை குடும்பத்தோடு திருவிடைமருதூர் மஹாலிங்க சாமி கோயிலில் இருக்கிறாள். கைப்பேசி கோயில் வாசலில் ஏதோ ஒரு பையில் கிடந்து அடித்துக்கொண்டிருக்கும்.

"மஹாலிங்க சாமி, அக்காவ சீக்கிரம் வெளிய அனுப்பு" என்றாள் ஹுமைரா வாய்விட்டு. தண்ணீர்ச் சொம்போடு படியேறி வந்த அம்மா ஜன்னத் பீவி வாசலில் நின்றுவிட்டாள்.

"யாரக் கூப்புடுற நீ?"

"ஆபீஸ் விஷயம்மா."

"ஆபீஸ்ல அவருக்கு என்ன வேல?"

ஹுமைரா ஒப்புதல் தரக்கூடியவர்களின் பட்டியலைத் திறந்தாள். மூன்று பெயர்கள். குந்தவை, ஹுமைரா, மூன்றாவதாக ஜாஃபர் சாதிக்.

வேலையை விட்டு ஷார்ஜாவுக்குப் போய்விட்ட ஆளின் பெயர் அங்கே இருக்கவே கூடாது. 'விலகியவர்களின் பெயர்களை நீக்கு' என்ற வேலை ஐந்து வாரமாக ஹுமைராவின் பெயரில்தான் நிலுவையில் கிடந்தது. திங்கள்தோறும் குந்தவை கேட்பாள், இந்த வாரம் முடிச்சுடுறேன்க்கா என்பாள் இவள். தன் சோம்பேறித்தனத்தை நினைத்து ஹுமைரா முதல்முறையாகச் சந்தோஷப்பட்டாள்.

அவரோடு அவள் ஒரே ஒரு தடவை பேசியிருக்கிறாள். நாகூர்க்காரர்; அங்கே அண்ணனை நானா என்பார்கள், அவளும் அப்படித்தான் கூப்பிட்டாள். அங்கே மணி ஏழுகூட ஆகியிருக்காது. இரண்டாவது மணியில் எடுத்தார். பின்னால் பஸ் ஓடும் சத்தம்.

"நானா, நான் ஹுமைரா பேசுறேன். கூட்டமைப்புல உங்க எடத்துக்கு வந்தவ."

"சொல்லும்மா. என்ன, முன்வயலத் தூக்கிட்டியா?"

"எப்படி நானா தெரியும்?"

"தை மாசம் காலைல எட்டரைக்கு யாரும் என்னைய நலம் விசாரிக்க மாட்டாங்க. எத்தன மணிக்கு மெசேஜ் போவுது, இன்னும் ஒன்பதுதானா?"

"ஒன்பதுதான். நான் பழசுக்குத் திருப்பிட்டேன். நீங்க ஒப்புதல் குடுத்தாப் போதும். ஒரே ஒரு அமுக்கு."

"அனுப்பு. படிச்சுட்டு அமுக்குறேன்."

"நானா, நேரம் இல்ல."

"நேத்து உனக்கு ஒப்புதல் குடுத்தவங்க எவ்வளவு நேரம் படிச்சாங்க?"

தளம் அதையும் குறித்து வைத்திருந்தது. ஹுமைரா கேட்டது மாலை ஐந்து நாற்பத்திரண்டு. ஒப்புதலாகக் குந்தவையின் கட்டைவிரல் படம் வந்தது ஐந்து நாற்பத்து மூன்று.

"ஒரு நிமிஷம்" என்றாள்.

"எனக்கு நாலு நிமிஷம் குடு."

அந்த நாலு நிமிடமும் அவள் அறைக்குள் நடந்தாள். கீழே கடையில் அத்தா யாருக்கோ கட்டுக்கம்பி நிறுத்துப் போட்டுக்கொண்டிருந்தார். அவளுக்கு வீரையனையும் தெரியாது, சாரங்கபாணியையும் தெரியாது. ஆனால் முற்றிய நெல்லின் மேல் இரும்புப் பெல்ட் ஏறிப் போகும் காட்சியை மனம் திரும்பத் திரும்பப் போட்டுக் காட்டியது. அதற்குப் பிறகு வரப்பில் என்ன நடக்கும் என்பதையும்.

"ஹுமைரா, இருக்கியா? திருப்புனது சரி. ஆனா இன்னைக்கு லிஸ்ட் அஞ்சு மணிக்கே போட்டாச்சுல்ல?"

"ஆமா."

"அப்ப நீ நிரலத் திருப்பினாலும் லிஸ்ட் பழசாத்தானே இருக்கும். ஒன்பதுக்கு அந்தப் பழசுதான் போவும். ஏறினவுடனே லிஸ்ட் போடுற வேலைய நீ கையால ஓட்டணும்."

அவள் நாற்காலியில் உட்கார்ந்தாள். இது அவளுக்குத் தோன்றவே இல்லை. பொத்தானை அழுத்திவிட்டு, பச்சை வந்ததும், அல்ஹம்துலில்லாஹ் என்று இட்லி சாப்பிடப் போயிருப்பாள்.

"ஓட்டுறேன் நானா."

"அமுக்கிட்டேன். லைன்லயே இருக்கேன். பஸ்ஸு இன்னும் இருவது நிமிஷம் போவும்."

எட்டு முப்பத்தேழு. மஞ்சள் வட்டம் சுழல ஆரம்பித்தது. அவர்கள் வாங்கியிருப்பது தளத்தின் மலிவான திட்டம்; உலகத்தில் யார் யாருடைய நிரலோ முன்னால் நிற்க, இவர்களுடையது வரிசையில் காத்திருக்க வேண்டும். 'உங்களுக்கு முன் 6' என்றது திரை. கொஞ்ச நேரம் கழித்து 'உங்களுக்கு முன் 5'.

"ரேஷன் கடையில நிக்கிற மாதிரி இருக்கு" என்றாள்.

"ரேஷன் கடையில முன்னால நிக்கிறவன்கிட்ட கெஞ்சலாம்" என்றார் ஜாஃபர் சாதிக்.

எட்டு நாற்பத்தெட்டுக்கு அவர்கள் முறை வந்தது. சோதனைகள் ஒவ்வொன்றாகப் பச்சையாயின. இன்றைக்கு அந்தப் பச்சையைப் பார்த்து அவளுக்கு நம்பிக்கை வரவில்லை. எட்டு ஐம்பத்து மூன்றுக்குப் பழைய பதிப்பு செயலியில் ஏறியது. லிஸ்ட் வேலையைக் கையால் ஓட்டினாள். இருநூற்றுப் பதினான்கு வயல்கள். எட்டு ஐம்பத்தேழுக்குப் புதுப் பட்டியல் வந்தது. அந்த இரண்டு வயலும் இருக்கும் பூவனூர்ப் பக்கத்தைத் தேடிப் பார்த்தாள். வீரையன், காலை பத்து. சாரங்கபாணி, பிற்பகல் இரண்டு.

"வந்துருச்சு நானா."

"எல்லாத்தையும் பாரு. ஒண்ண மட்டும் பாத்துட்டு விட்டுடாத."

குணசேகரன் சொன்ன எட்டையும் பார்த்தாள். எட்டும் சரி. ஒரத்தநாட்டுப் பட்டியலைப் பார்த்துக்கொண்டிருக்கும்போதே ஒன்பது மணியாகி, முப்பத்தெட்டுச் செய்திகளும் போய்ச்சேர்ந்தன. அவள் முகத்தை இரண்டு கைகளாலும் மூடிக்கொண்டு கொஞ்ச நேரம் அப்படியே இருந்தாள். இட்லிச் சட்னி வாசம் விரல்களில் இன்னும் இருந்தது.

"அழுவுறியா?" என்றார் ஜாஃபர் சாதிக்.

"இல்ல நானா. மூச்சு வுடுறேன்."

"நல்லா வுடு. நான் இறங்கணும். அப்புறம், ஒப்புதல் குடுக்குறவங்க லிஸ்ட்லேருந்து என் பேர எடுத்துரு. நான் அங்க இருக்கக் கூடாது."

"எடுக்கத்தான் இருந்தேன். அஞ்சு வாரமா."

அவர் சிரித்தது பஸ் சத்தத்தில் பாதிதான் கேட்டது.

பத்தரைக்குக் குந்தவை கூப்பிட்டாள். பின்னால் நாதஸ்வரம். "மூணு மிஸ்டு கால் இருக்கு ஹுமைரா, யாருக்கு என்ன ஆச்சு?" என்று பதறியவளிடம் நடந்ததைச் சொன்னாள்.

"நான் அதப் பிரிச்சே பாக்கலடி" என்றாள் குந்தவை. "வண்டி வந்து நின்னுச்சு, அம்மா ஏறச் சொல்லிக்கிட்டே இருந்தாங்க, அமுக்கிட்டு ஏறிட்டேன்."

"நானும் அந்தக் குறிப்பப் படிக்கல அக்கா. ரெண்டு வரிதான். படிச்சிருந்தா முடிஞ்சுது."

"சரி, பாதி பாதி. திங்கக்கெழம உக்காந்து பேசுவோம். நீ மொதல்ல சாப்புடு."

மதியம் அத்தாவின் டிவிஎஸ் வண்டியை எடுத்துக்கொண்டு ஹுமைரா பூவனூருக்குப் போனாள். யாரும் வரச் சொல்லவில்லை. வீரையனின் வயல் அறுத்து முடிந்திருந்தது. ரோட்டோரம் டிராக்டரில் நெல் கொட்டிக்கொண்டிருந்தார்கள். அறுத்த நெல்லின் ஈரமான தாளின் மேல் பெல்ட் பதிந்த இரண்டு தடங்கள் நேராக உள்ளே போயின. செருப்பைக் கையில் எடுத்துக்கொண்டு அந்தத் தடத்தில் நடந்தாள். தடம் முடிந்த இடத்தில், இன்னொரு வரப்பைத் தாண்டி, மெஷின் சாரங்கபாணியின் வயலில் இறங்கிக்கொண்டிருந்தது. குணசேகரன் கையை ஆட்டி டிரைவருக்கு வழி காட்டினார். அவர் பக்கத்தில் தலையில் துண்டோடு நின்ற மெலிந்த மனிதர்தான் சாரங்கபாணி.

"இந்தப் பொண்ணுதாங்க லிஸ்ட் போடுறது" என்றார் குணசேகரன்.

சாரங்கபாணி அவளை ஏற இறங்கப் பார்த்தார். "காலைல எட்டு மணிக்கு என் பேரு மொதல்ல இருந்துச்சாம். வீரையனுக்கு முன்னாடி. ஒரு மணி நேரம் தெருவுல நெஞ்ச நிமித்திக்கிட்டு நின்னேன். அப்புறம் எடுத்துட்டியேம்மா."

"முன்னாடியே போயிருந்தா வண்டி எப்படிங்க உள்ள வரும்?"

"அது வராதுதான்" என்றார் அவர். "இருந்தாலும் எழுத்துல இருந்துச்சுல்ல."

மெஷின் முதல் வரிசையை வாங்கிக்கொண்டு நகர்ந்தது. தூசு எழும்பியது, பேச்சு கேட்கவில்லை. வானம் வெளுப்பாகத்தான் இருந்தது, மழைக்கு இன்னும் நேரம் இருந்தது. ஹுமைரா கைப்பேசியை எடுத்துத் திரும்பி நின்று, ரோட்டிலிருந்து தான் நடந்து வந்த வழியைப் படம் பிடித்தாள். சோதனைக் கிராமத்தின் இருபத்தோராவது வயலுக்கு அது தேவைப்படும்.