பெருவிரல் அளவு வெள்ளை

உப்பள வரப்பில் குந்தியிருந்த பிம்சாய், டெலஸ்கோப்பிலிருந்து கண்ணை எடுக்கவில்லை. நூற்றுக்கணக்கான உள்ளான் பறவைகள் ஒற்றைக் காலில் நின்று தூங்கிக்கொண்டிருந்தன. நடுவில் ஒன்றின் மார்பு மட்டும் மஞ்சள். பறவை எங்கே போகிறது என்று அறிய ஆராய்ச்சிக்காரர்கள் பூசுகிற சாயம்தான், அதில் அதிசயமில்லை. ஆனால் இடப்பக்க மார்பில் பெருவிரல் அளவுக்குச் சாயம் படாமல் வெள்ளையாக இருந்தது. அதைப் பார்த்ததும் அவள் குவியத்தை இன்னொரு முறை திருகிப் பார்த்தாள்.

அவள் கணவன் கீரீ இடதுகைக்காரன். பறவையை வலக்கையில் மல்லாத்திப் பிடித்து, இடக்கையால் சாயம் தடவுவான். அப்போது வலப் பெருவிரல் பறவையின் இடப்பக்க மார்பை அழுத்திக்கொண்டிருக்கும். அப்படி அழுந்திய இடத்தை மற்றவர்கள் விரலை நகர்த்திப் பூசிவிடுவார்கள். அவனுக்கு அதில் சோம்பல். "அதையும் பூசினா உங்க கை தேஞ்சா போயிடும்?" என்று அவள் திட்டாத நாளில்லை. பறவை வலையை எடுக்கப் படகில் கடலோரச் சேற்றுக்குப் போனவனைக் கடல் ஏற்றம் வளைத்துக்கொண்டு இரண்டு வருடமாகிறது. படகு கிடைத்தது, ஆள் கிடைக்கவில்லை. நாளைக்குக் கோயிலில் பிக்குகளுக்கு அன்னம் படைத்து அவன் காரியத்தை முடித்துவிடலாம் என்று மாமியார் வீட்டில் நாள் குறித்துவிட்டார்கள். அவள்தான் இன்னும் வாய் திறந்து சரியென்று சொல்லவில்லை.

"பழைய பறவையா இருக்கும்டி," என்றாள் கூட வந்த தோழி ஒராவன்.

"இறகு வருஷா வருஷம் உதிருது. சாயமும் அதோட போயிடும். இது புதுசாப் பூசினது." கண்ணை எடுக்காமலே சொன்னாள் பிம்சாய். "அவர் எங்கயோ உயிரோட இருக்காரு, ஒரா."

ஒராவனுக்குக் கை சிலிர்த்தது. அந்த வெயிலிலும் முழங்கையைத் தேய்த்துக்கொண்டாள்.

வல்லூறு ஒன்று தாழப் பறந்தது. கூட்டம் முழுக்க எழும்பிச் சுழன்று பக்கத்துப் பாத்தியில் இறங்கியது. அங்கே இன்னொரு மஞ்சள். அதற்கும் இடப்பக்கம் வெள்ளை. அதன் பின்னால் மூன்றாவது, அப்புறம் நாலாவது. ஒன்றே ஒன்று என்றால் அது அவன் கை. இத்தனை என்றால் ஒரு குழுவே பூசியிருக்க வேண்டும். வேண்டாம், இன்னொன்று வேண்டாம் என்று மனசு கெஞ்சியது.

விரிகுடாவின் எதிர்க்கரையில் பறவை பிடித்துச் சாயம் பூசும் குழுவுக்கு ஒராவன் போன் போட்டாள். எடுத்தவன் தனித், கீரீயிடம் தொழில் பழகியவன். ஸ்பீக்கரில் அவன் குரல் உற்சாகமாக வந்தது.

"நாங்க பூசினதுதான்கா! போன வாரம் பூரா அதே வேலை. வாத்தியார் செஞ்ச மாதிரியே இடப்பக்கம் பெருவிரல் அளவு விட்டுட்டுத்தான் பூசறோம். எங்களுக்கு வலதுகைப் பழக்கமா, பிடியை மாத்தறதுக்குள்ள உயிர் போகுது. ரொம்ப நாளாக் கேக்கணும்னு இருந்தேன், அந்த இடத்தை ஏன்கா விடணும்?"

ஒராவன் போனை நீட்டியபடியே நின்றாள். சோம்பேறித்தனம்தான் காரணம் என்று சொன்னால் நாளையிலிருந்து முழுதாகப் பூசிவிடுவார்கள். பிம்சாய் போனை வாங்கிக்கொண்டாள்.

"அது வேணும் தம்பி. அப்படியே விடுங்க." டெலஸ்கோப்பின் மூடியைப் போட்டுவிட்டு, "நாளைக்கு எல்லாரும் கோயிலுக்கு வந்துடுங்க. வாத்தியாருக்குக் காரியம்," என்றாள்.

கடல் வடியத் தொடங்கியிருந்தது. உள்ளான்கள் கூட்டமாக எழும்பி அவள் தலைக்கு மேலே போயின. தூரத்துச் சேற்றில் இறங்கி, ஈரத்துக்குள் அலகை விட்டு விட்டுத் தேட ஆரம்பித்தன.