கோச் கொளஞ்சிநாதனின் தூக்கிய கை

கபடி கோச் கொளஞ்சிநாதனின் வலது கை, அவர் எழுதிய புத்தகம் அச்சாகி வந்த மூன்றாம் நாள் காலை ஏழே காலுக்கு, இட்லியைப் பிட்டுக்கொண்டிருந்தபோது தானாக மேலே போனது. அதற்குப் பிறகு இறங்கவில்லை. மனைவி அமுதவள்ளி அதைப் பிடித்துத் தொங்கிப் பார்த்தார், எண்ணெய் தேய்த்துப் பார்த்தார். எலும்பு டாக்டர் படம் எடுத்து, ஒரு குறையும் இல்லை, கை நன்றாகத்தான் தூக்கியிருக்கிறது என்று அனுப்பிவிட்டார். விருத்தாசலமும் இரண்டே வாரத்தில் பழகிக்கொண்டது. அவர் ரோட்டோரம் நின்றால் வேப்பூர் பஸ் நின்றது. கருவேப்பிலங்குறிச்சியில் ஏதோ கூட்டத்தை எட்டிப் பார்த்தவரை, தீர்மானத்தை ஆதரிப்பவர்களோடு சேர்த்து எண்ணிவிட்டார்கள். அவருக்குத்தான் பழகவில்லை. கபடி தெரிந்த ஊரில் தூக்கிய கைக்கு ஒரே அர்த்தம். அம்பயர் கண்ணுக்குத் தப்பிய தப்பை ஆடுகிறவரே ஒத்துக்கொண்டு, நான் அவுட் என்று சொல்கிற சைகை அது. யாராவது வந்து, என்ன சார் அவுட்டா என்று கேட்டுவிடுவார்களோ என்று, ஆள் எதிரே வந்தாலே அவர் தெரு மாறி நடந்தார்.

புத்தகத்தின் பெயர் 'கோட்டை மிதிக்காதே'. இருபத்தாறு வருஷம் ஸ்கூல் பெண்கள் அணியைப் பழக்கியவர், தலைமைக்கும் குணத்துக்கும் மைதானம் சொல்லித்தரும் பாடங்கள் என்று பன்னிரண்டு அத்தியாயம் எழுதியிருந்தார். பதினொன்று உண்மை, அவற்றை அவ்வளவாக யாரும் படிக்கவில்லை. எல்லோரும் படித்துக் கண்கலங்கியது ஏழாவதை. சேத்தியாத்தோப்பில் இறுதிப் போட்டி, ஆட்டம் சமநிலை, கடைசி ரைடு. அவர் அணியிலிருந்து பாடிப்போன ஆதிலட்சுமி எதிரணியில் ஒருத்தியைத் தொட்டுவிட்டுத் திரும்பினாள். தொடுவதற்கு முன்பே அவள் குதிகால் எல்லைக் கோட்டுக்கு வெளியே பட்டதை அம்பயர் கவனிக்கவில்லை. 'நான் அவளைப் பார்த்துத் தலையசைத்தேன். அவள் கை தூக்கினாள். கோப்பை போனது, குணம் நின்றது' என்று எழுதியிருந்தார். நடந்தது வேறு. அவள் தானாகத்தான் கை தூக்கினாள். கையை இறக்குடி என்று கத்தியவர்தான் கோச் சார். தோற்றுத் திரும்பும் வேனில் அவளிடம் ஒரு வார்த்தை பேசவில்லை. மாநில அணித் தேர்வுக்கு அனுப்பிய பட்டியலில் அவள் பெயரை எழுதவில்லை. விளையாட்டு ஒதுக்கீட்டில் கிடைக்கவிருந்த காலேஜ் சீட்டும் அதோடு போயிற்று. அப்போது அவளுக்குப் பதினேழு வயது, இப்போது இருபத்தொன்பது. எழுதும்போது சாருக்கே தான் தலையசைத்தது போலத்தான் ஞாபகம் இருந்தது. மனசு அப்படி ஒரு திருடன்.

தலைமையாசிரியை ஃப்ளோரா ஸ்கூல் மைதானத்திலேயே பாராட்டு விழா வைத்தார். அந்த ஆதிலட்சுமியையும் மேடையேற்றிச் சால்வை போடலாம் என்று அவர் சந்தோஷமாகச் சொன்ன நாளிலிருந்து சாருக்குச் சோறு இறங்கவில்லை. விழாவுக்கு இரண்டு நாள் முன்பு, அவள் வேலை செய்யும் பீங்கான் கம்பெனிக்கே போனார். ஆதிலட்சுமி ஃபியூஸ் கட்டைகளை ஒவ்வொன்றாக, பளபளப்புக்குப் பூசுகிற கிளேஸ் கரைசலில் முக்கிப் பலகையில் அடுக்கிக்கொண்டிருந்தாள்.

"விழாவுக்கு வாம்மா. புஸ்தகத்துல இருக்கிற மாதிரியே ரெண்டு வார்த்த சொன்னா போதும்" என்றார்.

அவள் அவர் முகத்தைப் பார்க்கவில்லை, கையைத்தான் பார்த்தாள். "எந்தக் கோட்ட மிதிச்சீங்க சார்?"

அவர் இடது கையால் வலது கையைக் கீழே இழுத்துப் பார்த்தார்.

"கை ஒத்துக்கிச்சு. வாயிதான் பாக்கி இருக்குது" என்று சொல்லிவிட்டு அடுத்த கட்டையை எடுத்தாள்.

விழாவில் ஐந்நூறு பிள்ளைகள் வெயிலில் உட்கார்ந்திருந்தார்கள். ஆதிலட்சுமி மேடையில் கடைசி நாற்காலியில் இருந்தாள். அவள் வாயைத் திறந்துவிடுவாளோ என்ற பயத்திலேயே மைக்கைப் பிடித்தவர், அந்தப் பயத்தைத் தாங்க முடியாமல் தானே சொல்லிவிட்டார். "நான் தலையசைக்கல. கத்துனேன். அவ பேர எழுதாம வுட்டதும் நாந்தான்." ஒன்றையும் விடாமல் முழுசாகச் சொன்னார். சொன்னதும் மைதானமே அவர் கையைப் பார்த்தது. அவரும் பார்த்தார். கை இறங்கவில்லை. ஃப்ளோரா சால்வையை எங்கே வைப்பதென்று தெரியாமல் நின்றார். ஆதிலட்சுமி எழுந்து வந்தாள். கோபமில்லை, அழுகையுமில்லை, அம்பயர் பேசுகிற மாதிரி பேசினாள்.

"ரூலு மறந்துட்டீங்களா சார்? கை தூக்குனவங்க கோட்டுக்கு வெளிய போயி ஒக்காரணும்."

அவர் மேடையிலிருந்து இறங்கினார். ஐந்நூறு பிள்ளைகளுக்கு நடுவே நடந்து, சுண்ணாம்புக் கோட்டைத் தாண்டி, அவுட்டானவர்கள் உட்காருகிற இடத்தில் போய் உட்கார்ந்தார். சொல்லிவிட்டால் மன்னிப்பு கிடைக்கும் என்று நினைத்தவருக்கு அவமானத்தில் காது சுட்டது.

இது நடந்து இரண்டு வருஷமாகிறது. புத்தகத்தின் இரண்டாம் பதிப்பில் ஏழாம் அத்தியாயம், நடந்ததை மட்டும் சொல்லும் அரைப் பக்கம்தான். ஃப்ளோரா கேட்டுக்கொண்டதால், ஷிப்டு முடிந்து வாரம் மூன்று நாள் ஆதிலட்சுமி ஸ்கூல் மைதானத்துக்கு வந்து பிள்ளைகளின் ஆட்டத்துக்கு விசில் ஊதுகிறாள். கபடியில் அவுட்டானவர்கள் வரிசையாக உட்கார்ந்திருப்பார்கள். தங்கள் அணி ஒரு ஆளை அவுட்டாக்கினால் வரிசையில் முதலில் இருப்பவர் உயிர் பெற்று உள்ளே போவார். சாரும் அந்த வரிசையில் உட்காருகிறார். ஒருத்தி எழுந்து போனால் ஓர் இடம் நகர்ந்துகொள்கிறார். முதல் இடத்துக்கு வந்ததும் எழுந்திருக்கத் தயாராகக் காலை மடக்கிக்கொள்வார். ஆதிலட்சுமி அவரைத் தாண்டி, பின்னால் இருக்கிறவள் பெயரைக் கூப்பிடுவாள். அவர் எழுந்து கடைசி இடத்துக்குப் போய்விடுவார். தண்ணீர் பாட்டில் வரிசையில் கைமாறி வரும்போது, சாருக்கு இடது கையில்தான் கொடுக்க வேண்டும் என்பது புதிதாகச் சேருகிற பிள்ளைக்குக்கூட முதல் நாளே தெரிந்துவிடுகிறது.