பலகை ஏறிய பெயர்

ஆற்றுத்துறையில் தொடங்கி, இருமருங்கும் கடைகள் நெருங்கி நிற்க, மேட்டிலுள்ள மணிக்கூண்டுவரை ஏறிச்செல்லும் அந்நெடுந்தெருவில் காலை வெயில் மெல்லப் பரவிக்கொண்டிருந்தது. படிப்போரே, அவ்விடத்தில் ஒரு பெண்பெயர் மும்முறை எழுதப்பட்டிருந்தது. மூன்றையும் எழுதிய கை ஒன்றே. தாயை நினைந்து தன் படகில் அதை எழுதுவித்த படகோட்டி, அதற்கு விடியல் என்று பொருள் சொன்னான். மகளைக் கொஞ்சித் தீராத அடுமனைக்காரர் விளக்கு என்றார். மனைவிக்கு அஞ்சிய மருந்துக்கடைக்காரரோ, "பொருளெல்லாம் வீட்லதான் கேக்கணும்" என்று நழுவினார்.

எழுதிய கை, பெயர்ப்பலகை எழுதியே தலை நரைத்த ஓவியருடையது. தம் எழுத்தின்மேல் அவருக்குத் தலைகால் புரியாத பெருமை. அன்று, பதினோராண்டு பிறர் கடையில் அரம் பிடித்துக் கை காய்த்துப்போன பூட்டு வினைஞர் ஒருத்தி, தன் புதுக்கடைப் பலகைக்கு அதே பெயரைச் சொன்னாள்.

"யாரு பேரும்மா? அம்மாவா, பொண்ணா?" என்று வழக்கம்போல் கேட்டார்.

"என் பேருதாங்க."

ஓவியர் தூரிகையைத் தாழ்த்தினார். ஒருத்தி தன் பெயரைத் தானே எழுதச்சொல்லி வந்தது அதுவே முதல்முறை. இத்தனை ஆண்டும் அது தமக்கு உறைக்கவில்லையே என்று வெட்கமாகவும் இருந்தது.

அதற்குள், அக்கரையிலிருந்து வந்து, வழியில் வாங்கிய அடுமனைப் பொட்டலமும் கையுமாக மூச்சிரைக்க ஏறி வந்து சேர்ந்தான், கடைக்குப் பிணைக் கையொப்பமிட்ட அவள் அண்ணன்.

"என் பேரப் போடுங்க. பொம்பள பேரப் பாத்தா பூட்டு வேலைக்கு எவன் நம்பி வருவான்? இல்லேன்னா என் கையெழுத்த எடுத்துடுவேன், கடையே கிடையாது."

அவள் முகம் வெளிறியது. ஆயினும், "வேணாம்ணா. கெட்டாலும் என் பேரு கெடட்டும்" என்றாள்.

பிறர் வீட்டு வழக்கில் தலையிடாத ஓவியருக்கும் அன்று பொறுக்கவில்லை.

"தம்பி, ஆத்த எதுல கடந்தீங்க?"

"படகுலதான்."

"அதுல எழுதியிருக்கறது இந்தப் பேருதான். கையில வெச்சிருக்கீங்களே ரொட்டி, அந்தக் கடையும் இதே பேருதான். உசுரையும் வயித்தையும் நம்பிக் குடுப்பீங்க, பூட்ட மட்டும் குடுக்க மாட்டீங்களா?"

அண்ணன் தன் கையிலிருந்த பொட்டலத்தைப் பார்த்தான். பிறகு, "எழுதித் தொலைங்க" என்று முணுமுணுத்தபடி ஏணியைப் பிடித்துக்கொண்டான்.

வண்ணம் உலருமுன்னே, பூட்டிய பெட்டியொன்றைச் சுமந்துவந்த முதியவர், பலகையைக் கண்ணிடுக்கிப் படித்துவிட்டு, "இந்த அம்மா எங்க இருக்காங்க?" என்று அண்ணனிடமே கேட்டார். அவன் விலகி வழிவிட்டான்.

"நான்தாங்க. குடுங்க" என்று கைநீட்டினாள் அவள்.

அன்பினால் பிறர் எழுதிவைக்கும் பெயர்கள் இனியனவே; ஆயினும், தன் பெயரைத் தேடிவந்தவர்க்குத் தானே விடைகூறிய அக்குரலின் நிறைவை, ஏணியினின்று இறங்கிய ஓவியர் அதற்குமுன் எந்தப் பலகையின் கீழும் கேட்டதில்லை.