பெக்மனைத் தோற்கடித்த பேச்சு

1

இந்தக் கதை ஒரு கொட்டாவியில் பிறந்தது. கொட்டாவி என்னுடையதுதான்.

அமெரிக்காவின் விஸ்கான்சின் மாநிலத்தில் எங்கள் ஊர்த் தீயணைப்பு நிலையக் கூடத்தில், ஒரு சனிக்கிழமை மதியம் விவாதம். நாடாளுமன்ற உறுப்பினர்கள் இத்தனை வருடத்துக்கு மேல் பதவியில் இருக்கக் கூடாதென்று சட்டம் வேண்டுமா, வேண்டாமா? வேண்டும் என்றவர்கள் புது ரத்தம் என்றார்கள். வேண்டாம் என்றவர்கள், புதுசாகப் போகிறவனைக் கம்பெனிக்காரர்கள் விரலில் சுற்றிவிடுவார்கள் என்றார்கள். எனக்கு இரண்டும் சரியென்றே பட்டது. அந்தச் சட்டத்தை நிறைவேற்ற வேண்டியவர்கள் அதே நாற்காலிகளில் உட்கார்ந்திருப்பவர்கள்தான் என்பது எல்லோருக்கும் தெரியும். தெரிந்தும் இரண்டு மணி நேரம் பேசினார்கள்.

நான் வாயைப் பிளந்தபோது மேடையோரம் நின்ற ஒரு பெண்மணியும் கொட்டாவி விட்டார். அவரைப் பார்த்ததும்தான் எழுதத் தோன்றியது. மற்றதெல்லாம் என் கைச்சரக்கு.

(“எழுத்தாளருக்கும் இப்படி ஒரு சட்டம் வந்தா நல்லாருக்கும்” என்றாள் என் மனைவி. அவளுக்கும் அலுப்பு.)

2

முதல் தொடக்கம்: ‘ஜனநாயகம் என்பது…’

வேண்டாம். நானே மேலே படிக்க மாட்டேன்.

இரண்டாவது: ‘வெர்னா ப்ரில் கண்ணாடியில் தன் நரையைப் பார்த்து…’

கண்ணாடி இல்லாமல் ஒரு பெண்ணை அறிமுகப்படுத்த இந்த வயதிலும் எனக்கு வரவில்லை, பாருங்கள். அடித்துவிட்டேன்.

மூன்றாவது, நேராக: வெர்னா ப்ரில், எங்கள் தொகுதியின் நாடாளுமன்ற உறுப்பினர் ஆர்வில் ஹான்ஸ்கேவின் உதவியாளர். ஹான்ஸ்கேவுக்கு எண்பத்திரண்டு வயது. முப்பது வருடத்துக்கும் மேலாகப் பதவியில் இருக்கிறார். கூட்டங்களில் அவருக்கு அரையடி பின்னால் நின்று, கைகுலுக்க வருகிறவரின் பெயரைக் காதில் போடுவது அவள் வேலை. இங்கே எல்லா உறுப்பினர்களுக்கும் இப்படி ஓர் ஆள் உண்டு. யாரும் தப்பாக நினைப்பதில்லை. ஆனால் ஒரு வருடமாக, அவருடைய மனைவி இறந்துவிட்டாள் என்பதையும் அவர் காதில் அவள் போட வேண்டியிருக்கிறது.

அவருக்கு நினைவு தப்புவது வெளியே யாருக்கும் தெரியாது. நவம்பரில் மறுபடி தேர்தல். ‘போதும் சார், வீட்டுக்குப் போகலாம்’ என்று சொல்ல அவளுக்கு வாய் வரவில்லை.*

* இந்த இடத்தில் எனக்கு வெர்னாமேல் சந்தேகம் வந்தது. சொல்லாமல் இருப்பது பாசத்தாலா, வேலை போய்விடும் என்ற பயத்தாலா? பாசம் என்று எழுதினேன். பொய்யாக இருந்தது. பயம் என்று திருத்தினேன். அதுவும் அநியாயம். கல்லூரி முடித்த கையோடு அவருடைய முதல் தேர்தலில் பனியில் வீடு வீடாகக் கதவைத் தட்டியவள் அவள். இரண்டும்தான் என்று விட்டுவிட்டேன்.

3

விவாத மேடையில் ஹான்ஸ்கே. கூட்டத்தினர் கேள்வி கேட்கும் நேரத்தில் பால்பண்ணைக்காரர் லெமான்ஸ்கி எழுந்தார்.

“என்னங்க ஆர்வில், மொதத் தடவ நின்னப்ப ஆறே வருஷம்னு சத்தியம் பண்ணீங்க. அந்த ஆறு இன்னும் முடியலியா?”

கூடம் சிரித்தது. பதிலை வெர்னா பெரிய எழுத்தில் அட்டையில் எழுதித் தந்திருந்தாள். ஹான்ஸ்கே அட்டையைப் பார்த்தார். சட்டைப்பையில் போட்டுக்கொண்டு எழுந்தார்.

“அந்தாளு வாஷிங்டன் போயி எத்தன வருஷமாச்சு! நாற்காலில பசை கிசை தடவியிருக்காங்களா என்ன? ஊருக்கு வந்தா நம்ம பேராவது தெரியுதா அவருக்கு? பின்னால ஒரு பொண்ணு நின்னு காதுல ஓதணும்! பால் டப்பாவுக்கே கெடு தேதி போடுற ஊருய்யா இது!”

கூரையைப் பிய்த்துக்கொண்டு போகிற மாதிரி கைதட்டல். மனிதர் தன்னையே இப்படி வாங்கு வாங்கென்று வாங்குகிறாரே என்று அசந்துபோனார்கள். வெர்னாவுக்கும் ஒரு கணம் உடம்பு சிலிர்த்தது. எத்தனை வருடமாயிற்று இந்தக் குரலைக் கேட்டு!

“பெக்மன் வீட்டுக்குப் போகட்டும்!” என்று முடித்தார்.

அப்போதுதான் அவளுக்கு விஷயம் புரிந்தது. பெக்மன், முதல் தேர்தலில் ஹான்ஸ்கே தோற்கடித்த பழைய உறுப்பினர். செத்து எத்தனையோ காலமாகிறது. இது அந்த நாளின் பேச்சு, ஒரு சொல் மாறவில்லை. காதில் ஓதும் பெண்ணைப் பற்றிய வரியை அன்று எழுதிக் கொடுத்தவளே வெர்னாதான்.

பழைய பேச்சாலேயே தன்னைக் குத்திக்கொள்கிறார் என்று நினைத்து லெமான்ஸ்கி தொப்பியைக் கழற்றினார். கூடம் முழுக்க எழுந்து நின்றது.

4

உள்ளூர்ப் பத்திரிகையின் ட்ரூடி ஓடிவந்தாள். “வெர்னா, ஒரே ஒரு வார்த்தை. வெலகறாருன்னு போட்டுடலாமா?”

“மொதல்ல அவரை வண்டில ஏத்தணும். அங்க வா.”

இதற்குமேல் மூன்று முடிவுகள் எழுதினேன்.

‘ஆமாம்’ என்கிறாள். ஊர் கொண்டாடுகிறது. மறுநாள் ஹான்ஸ்கே பேப்பரைப் பார்த்துவிட்டு, “யாரைக் கேட்டு இதைச் சொன்னே?” என்கிறார்.

‘சும்மா தமாஷுக்குப் பேசினார்’ என்கிறாள். நவம்பரில் அவரே ஜெயிக்கிறார். நாடாளுமன்றத்தில் இருப்பவர்களை எல்லாம் மாற்ற வேண்டும் என்று எங்கள் ஊர் கத்தும். நம்ம ஆளை மட்டும் விட்டுவிடும். நானும் அவருக்குத்தான் போட்டிருப்பேன்.

உண்மையைச் சொல்கிறாள். அப்போது அந்தக் கைதட்டல்…

இந்த வாக்கியத்தை முடிக்க எனக்கு மனசு வரவில்லை.

மனைவியிடம் கொடுத்தேன். படித்துவிட்டு, “வண்டிக்குள்ள அவர் என்ன சொன்னார்னு எழுதவே இல்லியே?” என்றாள்.

எழுதாமல் தப்பிக்கத்தான் பார்த்தேன்.

5

வெர்னா அவருக்கு பெல்ட் மாட்டிவிட்டாள். ஹான்ஸ்கேவின் முகமெல்லாம் சிவந்திருந்தது. இவ்வளவு சந்தோஷமாக அவரை அவள் பார்த்து ரொம்ப நாளாயிற்று.

“எப்படிம்மா? ஜெயிச்சுருவோமா?”

“நல்லாப் பேசினீங்க, சார்.”

“ஆனா பெக்மனை நெனச்சா பாவமா இருக்கு. மனுஷனுக்கு ஒண்ணும் ஞாபகம் இல்லியாம். கூட இருக்கறவங்களுக்குத் தெரியாமலா இருக்கும்? கொஞ்சமாவது பாசம் இருந்தா, போதும் வாங்கன்னு வீட்டுக்குக் கூட்டிட்டுப் போயிருக்க மாட்டாங்களா?”

வெர்னா அழக்கூட முடியாத அளவுக்குக் களைத்திருந்தாள்.

ட்ரூடி ஜன்னலைத் தட்டினாள். வெர்னா கண்ணாடியை இறக்கினாள். ட்ரூடி அவளைப் பார்க்கிறாள். வெர்னா என்னைப் பார்க்கிறாள். ஒரு வாக்கியம் கொடு என்கிறாள். நான் நாளெல்லாம் உட்கார்ந்து பார்த்துவிட்டேன், வரவில்லை. உங்கள் வீட்டிலும் வயதானவர் ஒருவர் இருப்பார். நீங்கள் சொல்லுங்கள், அவள் என்ன சொல்லட்டும்?